சான்று கேட்ட கணித ஆசிரியர்கள்

கணிதம் பயில்பவன் உலக நடப்பு அறியாதவன் என்பது நம் விடுதிகளில் வழங்கும் பேச்சு. தமிழர்களாகிய நமக்குக் கணிதர் என்றவுடன் இராமானுசன் நினைவு வருகிறது. கும்பகோணத்துத் திண்ணையும், சிலேட்டும், கனவில் வந்த நாமகிரித் தாயாரும் நினைவுக்கு வருகின்றனர். இத்தகையோர் எண்ணோடு பேசுபவர்கள், கடைத்தெருவுக்கு வராதவர்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் கணிதத் துறை மாணவன். ஆகவே இப்பேச்சை அடிக்கடி கேட்டவன்.

ஆனால் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசின் சிறைக்கும் ஆயுதம் ஏந்தியோரின் துப்பாக்கிக்கும் இடையே நின்று, மறைவில் எழுதி மறைவில் பரப்பியவர்களுள் கணிதர்கள் சிலர் முன் வரிசையில் இருந்தனர். அவர்களுள் இருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். நம் மன்றத்து நண்பர்கள் பலர் அவ்விருவர் பெயரையும் கேட்டதில்லை என்று கண்டதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். முதலில் உருசிய நாட்டுக் கதையைச் சொல்லிப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். கணிதப் பழக்கம் எவ்வாறு அரசியல் பழக்கமாக மாறுகிறது என்பதை அங்கேதான் தெளிவாகக் காண முடிகிறது.

அலெக்சாந்தர் எசேனின்-வோல்பின் 1924-இல் பிறந்தவர். புகழ் பெற்ற கவிஞர் செர்கெய் எசேனினுக்கும், எழுத்தாளர் நதேழ்தா வோல்பினுக்கும் மகன். மாஸ்கோப் பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்று 1949-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், தாம் எழுதிய கவிதைகளுக்காகக் கைதாகி மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். பின்னர்க் கசாக்கிஸ்தானத்துக் கரகாந்தாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஸ்டாலின் மறைந்த பின் 1953-இல் விடுதலை கிடைத்தது.

கணிதத்தில் அவர் கொண்ட கொள்கை சற்று வியப்பானது. ஒரு பொருள் உண்டு என்று சொல்பவன் அதைக் கட்டிக் காட்ட வேண்டும். காட்ட முடியாத ஒன்றை உண்டு என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. இக்கொள்கையுடையார் முன்பும் இருந்தனர். வோல்பின் அதன் எல்லைக்கே சென்றார். மிகப் பெரிய எண்கள்கூட உண்மையில் உண்டா என்று கேட்டார். அமெரிக்கத் தருக்க அறிஞர் ஹார்வி ஃபிரீட்மன் இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வதுண்டு. 2-இன் 100-ஆம் அடுக்கு உண்டா என்பது கேள்வி. சதுரங்கக் கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டித்துக் கேட்ட புலவன் கதை நமக்குத் தெரியும். அந்தக் கட்டங்கள் 64 தாம். 100-ஆம் அடுக்கோ 31 இலக்கங்கள் கொண்ட எண். ஃபிரீட்மன் ஒன்றிலிருந்து தொடங்கினார். "2-இன் முதல் அடுக்கு உண்டா?" என்றார். "உண்டு" என்று உடனே விடை வந்தது. "இரண்டாம் அடுக்கு?" சிறிது தாமதித்து, "உண்டு" என்றார் வோல்பின். மூன்றாம் அடுக்குக்கு இன்னும் சற்று நேரம் எடுத்தது. இவ்வாறு போகப் போக விடைக்கு ஆகும் காலம் இரட்டிப்பாகிக்கொண்டே சென்றதாம். நூறாவது விடைக்குக் காத்திருக்க உலகத்தின் வயது போதாது அன்றோ?

இதை வேடிக்கை என்று விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய விலையைக் கொடுத்த பின்னரே அதைச் சொல்வேன் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. இதே பிடிவாதத்தை அவர் சோவியத்துச் சட்ட நூலின் மேல் திருப்பினார்.

1965 செப்டம்பரில் சின்யாவ்ஸ்கி, தானியேல் என்னும் எழுத்தாளர் இருவர், புனைபெயரில் வெளிநாட்டில் நூல் வெளியிட்டதற்காகக் கைது செய்யப்பட்டனர். சோவியத்து ஆட்சியே ஒழிக என்று வோல்பின் கூவவில்லை. 1936-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 111-ஆம் விதி வழக்குகள் பலர் அறிய நடைபெற வேண்டும் என்கிறது. அதன்படி நடத்துங்கள் என்றார். அவ்வளவுதான். தேற்றத்தை நிறுவும்போது அடிப்படை உண்மைகளை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்வோமே, அதுபோல அரசு தானே எழுதி வைத்த சட்டத்தை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டார். அரசியலமைப்பு நாளாகிய 1965 டிசம்பர் 5 அன்று மாஸ்கோவில் புஷ்கின் சதுக்கத்தில் சிறு கூட்டம் கூடிற்று. "சோவியத்து அரசியலமைப்பை மதியுங்கள்" என்று எழுதிய தட்டிகளைப் பிடித்தவர்களைக் காவலர் சில நிமிடங்களில் இழுத்துச் சென்றனர். தன் சட்டத்தையே மதிக்கச் சொன்னவனைப் பிடித்துப் போகும் அரசு தன்னைப் பற்றி எதை நிறுவுகிறது என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளலாம்.

1968 பிப்ரவரியில் அவர் மீண்டும் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அப்பொழுது சோவியத்துக் கணிதர் 99 பேர் அவரை விடுவிக்குமாறு கடிதத்தில் கையெழுத்திட்டனர். கையெழுத்திட்டவர்கள் பலர் அதற்காகத் தொல்லைப்பட்டனர். வோல்பின் விடுதலை பெற்று, 1972-இல் அமெரிக்கா சென்று, 2016-இல் அங்கே மறைந்தார்.

அதே 1968-இல், ஏப்ரல் 30 அன்று, 'நடப்பு நிகழ்ச்சிக் குறிப்பேடு' என்னும் மறைவு இதழ் தோன்றிற்று. கவிஞர் நதாலியா கொர்பனேவ்ஸ்கயா அதன் முதல் ஆசிரியர். அச்சகம் கிடையாது, தட்டச்சுப் பொறியும் மெல்லிய தாளும் கார்பனுந்தான். படி கிடைத்தவர் தாமும் சில படிகள் அடித்து அடுத்தவருக்குத் தருவார். செய்தி வந்து சேரும் வழியும் அதுவே. உங்களிடம் செய்தி இருந்தால், இதழை உங்களுக்குத் தந்தவரிடம் சொல்லுங்கள். அவர் தமக்குத் தந்தவரிடம் சொல்வார் என்பது ஏற்பாடு. யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒருவர் பிடிபட்டாலும் சங்கிலி முழுதும் பிடிபடாது.

பின்னாளில் அவ்விதழின் சுமையைத் தாங்கியவர் தத்யானா வெலிகானவா. அவரும் மாஸ்கோப் பல்கலைக் கழகத்தில் கணிதம் படித்துத் தேறியவரே. கணிப்பொறி நிரல் எழுதும் பணியில் இருந்தவர். குறிப்பேட்டில் வசை இல்லை, ஒப்பாரி இல்லை. இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னார் வீடு சோதனையிடப்பட்டது. இன்ன விதியின்கீழ் இத்தனை ஆண்டு தண்டனை. முந்தைய இதழில் பிழை நேர்ந்திருந்தால் அடுத்த இதழில் திருத்தம் வரும். 1974 மே மாதத்தில் வெலிகானவா தம் நண்பர் இருவருடன் சேர்ந்து, இவ்விதழைப் பரப்பும் பொறுப்பு எங்களுடையது என்று பெயர் சொல்லி அறிவித்தார். 1979 நவம்பர் 1 அன்று கைதானார். நான்கு ஆண்டு முகாம். அதன்மேல் ஐந்து ஆண்டு நாடு கடத்தல். கொர்பச்சேவ் காலத்தில் மன்னிப்பு வந்தபோது, குற்றம் செய்யாதவளுக்கு மன்னிப்பு எதற்கு என்று ஏற்க மறுத்தார். பிறகு மாஸ்கோவில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து, 2002-இல் காலமானார்.

இனி யாழ்ப்பாணம்.

1987-இல் இந்தியப் படை இலங்கைக்குச் சென்றது. அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கிற்று. அவ்வாண்டுத் தீபாவளியை ஒட்டி, அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றனர். இறந்தவர் அறுபதுக்கு மேல். இதை வாசிக்கும் நண்பர்களுள் படைவீரர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர்; சினம் வரலாம். ஆனால் இது அங்கிருந்து உயிர் தப்பியவர்கள் வாய்மொழியாகப் பதிவாகியுள்ள செய்தி.

பதிவு செய்தவர்கள் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்து ஆசிரியர் நால்வர். ராஜன் ஹூல், கோபாலசிங்கம் ஸ்ரீதரன் இருவரும் கணிதம் கற்பித்தவர்கள். தயா சோமசுந்தரம் மனநோய் மருத்துவர். ராஜனி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவர். இவர்கள் சேர்ந்து எழுதிய ஆங்கில நூல் பின்னர்த் தமிழில் 'முறிந்த பனை' எனப் பெயர் பெற்றது. 1988-இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக் கழக ஆசிரியர் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளையையும் இவர்களே தோற்றுவித்தனர்.

அந்நூலை நான் முதன்முதல் திறந்தபோது, ஒரு தரப்பின் குற்றப்பட்டியலை எதிர்பார்த்தேன். இருந்ததோ வேறு. இலங்கை அரசின் கொடுமை, இந்தியப் படையின் கொடுமை, தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கொடுமை, புலிகள் தம் மக்களையே அச்சுறுத்திய கொடுமை யாவும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டிருந்தன. இத்தகைய நூலை எழுதினால் எந்தப் பக்கத்திலும் நண்பர் மிஞ்ச மாட்டார்.

மிஞ்சவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக் கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ராஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இளமையில் புலிகளின் காயங்களுக்கு மருந்து கட்டிய கைகள் அவருடையவை. புலிகளே கொன்றனர் என்று அவருடைய தோழர்கள் எழுதினர், எவரும் தண்டிக்கப்படவில்லை. நம் பெங்களூரில் 2017 செப்டம்பர் 5 இரவு, இராசராசேசுவரி நகரில் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்ட இதழாசிரியர் கௌரி லங்கேஷை நினைத்துக்கொண்டால், அச்செய்தி அன்று அப்பல்கலைக் கழகத்தில் எப்படி இறங்கியிருக்கும் என்பது ஓரளவு விளங்கும். நூல் 1990-இல்தான் வெளிவந்தது. அதே ஆண்டில் ஏனையோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

பல்கலைக் கழகத்துக்குள் இயங்க முடியாத பல்கலைக் கழக ஆசிரியர் அமைப்பு ஒன்று அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டு இயங்கிற்று. ஹூலும் ஸ்ரீதரனும் தலைமறைவு வாழ்க்கையில் இருந்தபடியே அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிட்டனர். சிறப்பு அறிக்கைகள் மட்டும் முப்பதுக்கு மேல். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டது, அக்டோபரில் வடமாகாண முசுலிம்கள் அனைவரும் விரட்டப்பட்டது, இவை புலிகளின் செயல்கள். அதே செப்டம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக் கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர்களைப் படையினர் பிடித்துச் சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. 2006 சனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். பின்னிரண்டு நிகழ்ச்சிகளிலும் அரசுத் தரப்பினரின் பங்கைப் பெயர் குறித்து எழுதியவர்கள் இவர்களே. 2007-இல் இவ்விருவருக்கும் மார்ட்டின் என்னல்சு விருது வழங்கப்பட்டது.

கணிதம் இங்கே எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நான் எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன். அவர்கள் சொன்னது அன்று.

கணிதத்தில் இருவகைக் கூற்றுகள் உண்டு. "எல்லாம்" என்று தொடங்கும் கூற்று ஒன்று. "ஒன்று உண்டு" என்னும் கூற்று மற்றொன்று. "எல்லாம்" என்பதை நிறுவ ஆயிரம் எடுத்துக்காட்டுப் போதாது. உடைக்கவோ ஓர் எதிர் எடுத்துக்காட்டே போதும். பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை என்று ஒருவன் எத்தனை உரக்கச் சொன்னாலும், 2 என்னும் எண்ணின் முன் அவன் வாய் அடைத்துப்போகும். இப்பொழுது அரசியலைப் பாருங்கள். 2009 போரின் இறுதியில் தன் படையால் பொதுமக்களில் ஒருவர்கூட இறக்கவில்லை என்ற பொருள்படவே இலங்கை அரசு பேசி வந்தது. சுழியம் என்று சொல்லிவிட்டால், இறந்த ஒருவரின் பெயர், ஊர், நாள் இவற்றைக் காட்டினாலே கூற்று வீழ்ந்தது. ஐக்கிய நாடுகள் அமைத்த வல்லுநர் குழு 2011-இல், இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது.

மறுபக்கம், நாங்களே தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என்பது புலிகளின் கூற்று. இதுவும் "எல்லாம்" வகையே. எல்லாத் தமிழருக்காகவும் நானே பேசுகிறேன் என்பவன் முன் "எனக்காக அன்று" என்று ஒரு தமிழர் எழுந்து நின்றால் போதும். ராஜனி அவ்வாறு நின்றார். அத்தகைய ஒருவரை வாதத்தால் மறுக்க வழியில்லை. இயக்கம் பெரிதாக இருந்தும் தனி மனிதர் சிலருக்கு அஞ்சியது ஏன் என்ற புதிருக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

"உண்டு" என்னும் கூற்றுக்கோ வோல்பினின் விதி: உளது என்றால் காட்டு. பல்லாயிரவர் மாண்டனர் என்பது எளிது. இன்ன தெருவில், இன்ன மணிக்கு, இன்னார் மகன், கண்டவர் இவர் என்பது கடிது. முன்னது கண்ணீரை வரவழைக்கும். பின்னது வழக்குமன்றத்தில் நிற்கும்.

இவர்களைக் குறை கூறுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. போர்க்காலத்தில் நம்மவர் குற்றத்தை எழுதினால் அது எதிரிக்கு ஆயுதம் ஆகாதா என்று விடுதியில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. புலிகளைப் பற்றி இவர்கள் எழுதியவற்றைக் கொழும்பில் சிலர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டியதுண்டு; அதே அறிக்கைகளில் படையினரைப் பற்றி இருந்ததை விட்டுவிட்டதும் உண்டு. ஆனால் நண்பருக்கு நான் சொன்ன மறுமொழி: மூதூரிலும் திருகோணமலையிலும் அரசுத் தரப்பின்மேல் இவர்கள் சொன்னதை உலகம் நம்பியதற்குக் காரணம், தம்மவரைப் பற்றியும் மறைக்காமல் சொன்னவர்கள் என்பதே. ஒரு தட்டில் மட்டும் எடை போடுபவனிடம் யார் பொன் வாங்குவார்? நண்பர் முழுதும் ஒப்பவில்லை. விடுதி மணி அடித்ததால் பேச்சு அங்கே நின்றது.

என் பங்குக்கு இரு குறைகள் சொல்வேன். அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. எந்தத் தாயின் பிள்ளையைப் பற்றி எழுதினார்களோ, அத்தாய் அதைப் படித்திருக்க மாட்டாள். மேலும் மாஸ்கோக் குறிப்பேட்டின் வறண்ட நடை இவற்றில் இல்லை. சினம் தெரியும், நீண்ட அரசியல் விமரிசனம் நடுவே புகும், படிப்பவன் மூச்சு வாங்குவான். தோழியைப் பறிகொடுத்து ஊரையும் இழந்தவர்களிடம் வறண்ட நடையைக் கேட்பது முறையா என்றும் உடனே தோன்றுகிறது. 2009 டிசம்பரில் வெளிவந்த 34-ஆம் சிறப்பு அறிக்கை, வன்னியில் இறுதி மாதங்களில் மக்கள் பட்டதை அம்மக்கள் வாய்மொழியாகவே தருகிறது. படையினரின் குண்டு வீச்சும், தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டதும், பிள்ளைகளைப் பிடித்துச் சென்றதும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. தொடங்க விரும்புவோர் அதிலிருந்தே தொடங்கலாம். ராஜன் ஹூல் 2015-இல் வெளியிட்ட நூல், ராஜனியின் காலம் முதல் போர் முடிவு வரை செல்கிறது.

இவற்றைப் படித்தபின் நம் நகரத்தைப் பற்றி ஒன்று தோன்றிற்று. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டதை நம் பெற்றோர் அறிவர். எங்கள் உறவில் மூவர் மூன்று எண்ணிக்கை சொல்கின்றனர். பெரியப்பா இருபது என்பார். அத்தை நூறு என்பார். தஞ்சாவூரில் இருந்து கேள்விப்பட்ட சித்தப்பாவோ ஆயிரத்துக்குக் குறைய மாட்டார். தொலைவு கூடக் கூட எண்ணிக்கையும் கூடுகிறது! அந்நாளில் அடைக்கலம் தந்த கன்னடக் குடும்பத்தைப் பற்றியும் அத்தை சொல்வதுண்டு. அது எந்தக் கூட்டலிலும் சேர்வதில்லை. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்த அன்று, கைப்பேசியில் வந்த படங்களுள் எது அன்றைய படம், எது பழைய படம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவனைக் கோழை என்றனர்.

மன்ற அறையின் அலமாரியில், இடப்பக்கத் தட்டில், நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். 1991-ஐக் கண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கண்டதை மட்டும், தெருவும் நாளும் நேரமும் குறித்து எழுதி வாருங்கள். கேள்விப்பட்டது வேண்டா. ஒரு செய்திக்கு இரு சாட்சிகள் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் கேளாமல் சொல்ல வேண்டும். கன்னடம் பேசும் அண்டை வீட்டார் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கத் துணை செய்கிறேன். இப்போதைக்கு ஒரே பதிவுதான் இருக்கிறது. சீராமபுரத்தில் தையற்கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் சொன்னது. தெரு சொன்னார், மணி சொன்னார், எரிந்த இயந்திரம் எத்தனை என்றும் சொன்னார். எதிர்க்கடைக்காரர் அத்தனையையும் பார்த்தார் என்கிறார். அவர் கடையை விற்றுவிட்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாராம். முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.